கூட வந்தது ஆர்?

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
3 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி கௌசிகாவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நலம் அறிய ஆவல். என் நலத்தையும் அறிய ஆவலாகத்தான் இருக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் ஒருவரும் சொல்கிறார்களில்லை.

இந்தக் காலத்தில் போனை விட்டுவிட்டுக் கடதாசியும் பேனையுமாக இவள் ஏன் வெளிக்கிட்டாள் என்று யோசிப்பாய். என் போன் இப்போது தனஞ்சயனின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. "கண்ட ஆக்கள் எல்லாம் எடுத்துக் கரைச்சல் குடுக்கினம் அம்மா, நீங்கள் றெஸ்ற் எடுங்கோ" என்று வாங்கி வைத்துக்கொண்டான். நீ எடுத்தாலும் பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டு, நாங்கள் இரண்டு வார்த்தை கதைக்க முதல் பறித்துவிடுகிறான். பெற்ற பிள்ளை எனக்குக் காவல்காரன் ஆகிவிட்டான். அதனால் இதை ரபீக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். கிண்ணியாவிலிருந்து என் தேத்தண்ணிக் கடைக்குத் தயிர்ச் சட்டி கொண்டுவருகிற ரபீக்காவை உனக்குத் தெரியும்தானே. மறுமொழியையும் அவளுடைய விலாசத்துக்கே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். பிறகு ஸ்கானும் எடுத்தார்கள். போன கிழமை கிளினிக்கில் மறுமொழி சொல்லுகிற நாள். டொக்டர் சின்னப் பெடியன், சிங்களவர். ரிப்போட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து, "கூட வந்தது ஆர்?" என்று கேட்டார். தனஞ்சயன் எழும்பினான். என்னை வெளியில் வாங்கில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வயிறு என்னுடையது, கதவுக்கு வெளியே இருந்ததும் நான்தான்.

அவன் நேரே என்னிடம் வரவில்லை. பைப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டுதான் வந்தான். "அல்சர் அம்மா. சின்னப் புண். பயப்பிட ஒண்டுமில்லை" என்றான். அல்சருக்கு எந்த மனுசன் முகம் கழுவிக்கொண்டு வருவான்?

அந்தப் பொய்யைக் காப்பாற்ற இப்போது படுகிற பாட்டைப் பார். அல்சர் என்றால் உறைப்பு ஆகாது, புளி ஆகாது, தேத்தண்ணி ஆகாது. தேத்தண்ணிக் கடைக்காரிக்குத் தேத்தண்ணி ஆகாதாம்! மருமகள் லோஜினி வெள்ளைச் சோற்றையும் பால்சொதியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் குசினிக்குள் ஓடுகிறாள். அவர்கள் எல்லாரும் உள்ளே இருந்து பாரைமீன் குழம்பு சாப்பிடுகிற மணம் எனக்கு வருகிறது.

நீ மட்டக்களப்பில் எத்தனை வருஷமாக நேர்ஸ் வேலை பார்க்கிறவள். தனஞ்சயன் அன்றைக்கே உனக்குப் போன் எடுத்திருப்பான், ரிப்போட்டைப் படம் எடுத்தும் அனுப்பியிருப்பான். என் நோயைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. எனக்கு என்ன வருத்தம்?

நேராக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பூரணி அக்கா


மட்டக்களப்பு
12 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் கோணேசர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம். இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. மூத்தவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது. வார்ட்டில் வேலை கூட.

அக்கா, நீங்கள் கண்டதையும் யோசித்து மனதைக் குழப்ப வேண்டாம். டொக்டர்மார் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். தனஞ்சயன் நல்ல பிள்ளை, அவன் சொல்வதைக் கேளுங்கள். உறைப்பைக் குறைப்பது நல்லதுதான். நல்லாக நித்திரை கொள்ளுங்கள். மனம் தைரியமாக இருந்தால் பாதி வருத்தம் மாறிவிடும்.

லோஜினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
கௌசிகா


திருகோணமலை
17 மார்ச் 2024

கௌசிகா,

சுகம்தானே? இருப்பாய். மூத்தவளுடைய சோதனையையும் மட்டக்களப்பு வெயிலையும் பற்றி எழுதினாய், சந்தோஷம். நான் உன்னிடம் வெயிலைப் பற்றியா கேட்டேன்?

நீயுமா என்னைப் பேய்க்காட்ட வெளிக்கிட்டாய்? "பாதி வருத்தம் மாறிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். எந்த வருத்தம் என்று சொன்னால்தானே அதில் பாதி எது, முழுது எது என்று எனக்குத் தெரியும்!

நான் மூளையில்லாதவள் இல்லை. வருகிற ஆட்களைப் பார்த்தாலே விளங்குகிறது. அல்சர்க்காரியைப் பார்க்க வருகிறவன் பிஸ்கட் பெட்டியோடு வருவான். எனக்கு அப்பிளும் முந்திரிகைப் பழமும் வருகிறது. பத்து வருஷமாக என்னோடு வேலிச் சண்டை பிடித்துக் கதைக்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரி போன ஞாயிறு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதும் பிழையாக் கதைச்சிருந்தா மனசில வைச்சிராதேங்கோ" என்கிறாள். அல்சருக்கா மன்னிப்புக் கேட்கிறார்கள்? "வேலியை எப்ப தள்ளி வைக்கப் போறாய்?" என்று கேட்டேன். வந்த வேகத்தில் போய்விட்டாள்.

அத்தானை நினைத்துப் பார். இருதயம் பலவீனம் என்று அவருக்குக் கண்டபோது அவர் என்ன சொன்னார்? "பூரணி, எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் நீயே கேட்டுக்கொள். நான் என்ர பாட்டில இருக்கிறன்" என்றார். உனக்கும் ஞாபகம் இருக்கும். என் மனுசன் யோகலிங்கத்தார் தான் ஒன்றும் அறியவேண்டாம் என்றார், ஊரே வாயை மூடிக்கொண்டு அவருடைய விருப்பத்தை நிறைவேற்றியது. சரி. இப்போது அவருடைய பெண்சாதி அறியவேண்டும் என்கிறாள். அவளுடைய விருப்பம் மட்டும் ஏன் விருப்பமில்லை?

தெரியாமல் இருப்பது எனக்கு ஒரு காரியத்துக்கும் உதவாது. வைகாசிக் கடைசியில் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வயிற்றை வெட்டப் போகிறார்களாம். "சின்ன ஒப்பரேசன்" என்கிறான். என்னை வெட்ட என் மகன் ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எதை வெட்டப் போகிறார்கள், ஏன் வெட்டப் போகிறார்கள், வெட்டினால் சுகம் வருமா என்று தெரியாமல் நான் கத்திக்குக் கீழே படுக்கமாட்டேன். கோயில் ஆட்டைத்தான் சொல்லாமல் வெட்டுவார்கள்.

கேள்வி பழையதுதான். எனக்கு என்ன வருத்தம்?

பூரணி


திருகோணமலை
20 ஏப்ரல் 2024

கௌசிகா,

சுகமா? நான் இன்னும் சாகவில்லை.

புதுவருஷமும் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ரபீக்காவும் ஒவ்வொரு நாளும் தயிர்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "ஒண்டும் வரல்ல புள்ள" என்று வெறுங்கையைக் காட்டுகிறாள். கடிதம் கிடைக்கவில்லை என்று கதைவிடாதே.

கேள்வி அப்படியே இருக்கிறது.

பூரணி


மட்டக்களப்பு
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

கோபிக்காதீர்கள். எழுத இருந்து இருந்து கிழித்துப் போட்டேன்.

தனஞ்சயன் தன் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறான். "சித்தி, நீங்கள் சொன்னால் நான் செத்துப்போவன்" என்று போனில் அழுதான். நான் என்ன செய்வது?

உங்களுக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வார்ட்டில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நேற்றுவரை கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆள், உண்மையைச் சொன்ன அன்றைக்கே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். பிறகு சோறு இறங்காது, கதை இருக்காது. நீங்கள் அப்படிப் படுப்பதை என்னால் பார்க்க ஏலாது அக்கா. நீங்கள் கோபத்தில் கத்துவது எனக்கு நல்லாக இருக்கிறது. கத்துங்கள்.

என்னிடம் கேட்காதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உடம்பைக் கவனியுங்கள்.

கௌசிகா


திருகோணமலை
9 மே 2024

என் அருமைத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இரு. நான் சுகமில்லை. முதல்முறையாக அதை நிச்சயமாக எழுதுகிறேன்.

உன் சத்தியத்தை நீ வைத்துக்கொள், தனஞ்சயன் நூறு வருஷம் இருக்கட்டும். நேற்றுக் கிளினிக்குக்குப் போனேன். நானாகத்தான் போனேன். அவன் கச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டான், லோஜினி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பை என் இடுப்பிலிருந்து பறிக்கிற அளவுக்கு அவனுக்கு இன்னும் துணிவு வரவில்லை.

தனியாகப் போனால் அந்த டொக்டர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் ரபீக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். "ஆர் கேட்டாலும் நீதான் கூட வந்தது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டு" என்று ஓட்டோவுக்குள் வைத்துப் படிப்பித்தேன். "அல்லாட காவல், எனக்குச் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாதே புள்ள" என்று பயந்தாள். "அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

அதே பெடியன்தான். கொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தோளுக்கு மேலால் பார்த்தார். "கூட வந்தது ஆர்?" நான் கதவைத் திறந்து ரபீக்காவை உள்ளே விட்டேன். என்னை வெளியில் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நானும் வாசலடியிலேயே செருப்புத் தேடுகிற மாதிரி நின்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் தொடங்கினார். ரபீக்கா தலையை ஆட்டினாள். அவர் சொல்லச் சொல்ல ஆட்டினாள். கடைசியில் அவர், "நீங்கள் இவவுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். ரபீக்கா அதற்கும் தலையை ஆட்டினாள். திரும்பவும் கேட்டார். இவள் வியர்த்து விறுவிறுத்து, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைச் சொன்னாள்: "மீகிரி." தயிர்! கௌசி, அந்த மனுசனுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்த நேர்ஸைக் கூப்பிட்டார். அவ மேல்மாடி வார்ட்டுக்குப் போய்விட்டாவாம். வெளியில் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அப்போது நான் வாசலில் நின்று சிங்களத்தில் சொன்னேன்: "டொக்டர் மாத்தயா, அவவுக்குச் சிங்களம் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ, நான் அவவுக்குத் தமிழில சொல்லிவிடுறன்."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சிங்களம் தெரியுமா அம்மா?" என்றார். துறைமுகத்துப் பெடியன்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே படித்த பாஷை என்றேன். "உங்கட மகன் உங்களுக்குத் தெரியாதெண்டு சொன்னாரே" என்றார். "மகன் கன விஷயம் சொல்லுவான்" என்றேன். பிறகு எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

ஆனாலும் பழக்கம் போகவில்லை பார். ரபீக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். "இவவுக்குக் குடலில பிளிகா." சிங்களத்தில் புற்றுநோய்க்கு அந்தச் சொல்தான். நான் ரபீக்காவிடம், "இவவுக்குக் குடலில கான்சராம்" என்று சொன்னேன். அந்த இவ ஆரோ ஒருத்தி மாதிரித்தான் என் வாயில் வந்தது.

ரபீக்கா, "ஆருக்கு புள்ள?" என்றாள்.

"எனக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. பயந்தேன். பயப்படவில்லை என்று உனக்குப் பம்மாத்து எழுதமாட்டேன்.

அது வேறொரு இடத்துக்கும் பரவியிருக்கிறதாம். அவர் சொன்ன சிங்களச் சொல் எனக்கு விளங்கவில்லை. எந்த இடம் என்று கேட்டேன். அவர் தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமத்திக் காட்டினார். அழுதுகொண்டிருந்த ரபீக்கா டொக்டரைப் பார்த்துப் பதறிப்போய், "யா அல்லாஹ், இந்த டொக்டர் புள்ளைக்குமா?" என்றாள். அதை நான் டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். சொன்னால் நம்பமாட்டாய், மூன்று பேரும் சிரித்தோம். ஈரல் என்று பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். நான் கேட்டேன், அவர் சொன்னார். ஒப்பரேசன் செய்தாலும் முழுதாகச் சுகம் வராது. வயிற்றில் பை வைக்க வேண்டிவரும். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அது கட்டியைச் சுருக்கலாம், சுருக்காமலும் விடலாம். இதில் எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லச் சொன்னார். என்னிடம், கௌசிகா! யோசித்துச் சொல்லச் சொன்னது என்னிடம்.

போகும்போது, "அல்சர் எண்டு எனக்கு உறைப்புத் தாறேல்லை டொக்டர், சாப்பிடலாமா?" என்று கேட்டேன். "ஆர் சொன்னது அல்சர் எண்டு? உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கோ" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் ரபீக்காவோடு ஒரு கடையில் இறங்கி, பிளேன் ரீயும் மிளகாய் வடையும் சாப்பிட்டேன். ரபீக்கா அழுதழுது சாப்பிட்டாள். நான் சும்மா சாப்பிட்டேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன் என்று எழுதினாயே. இரவு படுத்தேன்தான். விடிய எழும்பிக் கடையைத் திறந்தேன்.

உன் அக்கா,
பூரணி


மட்டக்களப்பு
26 மே 2024

என்ர அக்கா,

நலம் விசாரிக்கவே வெட்கமாக இருக்கிறது. எனினும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்? வலி இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை வார்ட்டில் மருந்து வண்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். மீகிரி என்ற இடத்தில் சிரித்தேன், அடுத்த பக்கத்தில் அழுதுவிட்டேன். தனஞ்சயன் எடுத்தான். டொக்டரை ஏசினான், ரபீக்காவை ஏசினான், கடைசியில் தன்னையே ஏசினான். பாவம் அக்கா அவன்.

ஓம், எனக்கு முதல்நாளே தெரியும். ரிப்போட்டை அனுப்பியிருந்தான். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இனி ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். பை வைத்தால் எப்படி இருக்கும், மருந்து ஏற்றினால் என்னென்ன வரும் என்று தனியாக இரண்டு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். வாய்ப்புண் வரும், தலைமயிர் கொட்டலாம், சாப்பாடு கசக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எவ்வளவு காலம் என்று டொக்டர் தனஞ்சயனுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். அதையும் எழுதட்டுமா? நீங்கள் எல்லாம் அறியவேண்டும் என்றீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் திரும்பவும் அதே பிழையைச் செய்கிறேன் என்று மனம் குத்துகிறது.

உங்கள் மறுமொழியைப் பார்த்திருக்கும்,
கௌசிகா


திருகோணமலை
9 ஜூன் 2024

அன்புள்ள கௌசிகாவுக்கு,

உன் சுகம் எழுது. என் சுகம் இதுதான்: அடிவயிற்றில் வலி இருக்கிறது, குளிசை போட்டால் அடங்குகிறது. எடை குறைந்துவிட்டது. பாரைமீன் குழம்பு சாப்பிடுகிறேன்.

நீ அனுப்பிய தாள்களை இரண்டுதரம் வாசித்தேன். நன்றி. ஒப்பரேசன் வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். சுகம் வராத ஒப்பரேசனுக்காகக் கொழும்பில் மாதக்கணக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கமாட்டேன். மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றேன். அதற்குக் கையெழுத்து வைத்தது நான்.

தனஞ்சயனோடு பெரிய சண்டை. கிளினிக்குக்குப் போய்வந்த அன்றே அவன் வேலையால் வர, "தம்பி, எனக்குக் கான்சர். ஈரலுக்கும் போயிட்டுது. லோஜினியிட்டச் சொல்லிச் செத்தல் மிளகாயை எடுத்து வெளியில வை" என்றேன்.

"உங்களுக்காகத்தானே அம்மா மறைச்சனான்" என்றான்.

"எனக்காக எண்டால் என்னட்டக் கேட்டிருக்க வேணும். நீ கேட்டனியா?"

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு..."

"தாங்க ஏலாமல் இருந்தது நீ. அதைச் சொல்லு" என்றேன்.

கடுமையாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் முகம் தரவில்லை. மூன்றாம் நாள் வந்து போனைக் கையில் வைத்தான். இனி நீ எடுக்கலாம். ஆனால் நான் எழுதத்தான் போகிறேன், எழுதினால் ஒருவரும் இடையில் வாங்கிக் கதைக்க ஏலாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கணக்கை எழுதாதே.

"அப்ப ஏன் இவ்வளவு சண்டை பிடிச்சனீங்கள்?" என்று தனஞ்சயனும் கேட்டான். கதவு திறந்ததும் எல்லாரும் எல்லாவற்றையும் என் தலையில் கொட்ட ஓடி வருகிறீர்கள். என் குடலில் என்ன இருக்கிறது என்று அறியாமல் எந்த மருந்து வேண்டும் என்று என்னால் சொல்ல ஏலாது. அதனால் அறிந்தேன். காலக்கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காலையில் எழும்பி அடுப்பை மூட்டுகிற நேரத்தில் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது எனக்கு வேண்டாம்.

அத்தான் ஒன்றும் வேண்டாம் என்றபோது பயந்தாங்கொள்ளி மனுசன் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவருக்கு ஒன்றும் வேண்டாம். எனக்கு எல்லாம் வேண்டும், அந்த ஒன்றைத் தவிர. தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற மாதிரித்தான் கௌசி. ஒருவனுக்கு மூன்று கரண்டி, ஒருவனுக்கு அரைக் கரண்டி, ஒருவனுக்குத் தொட்டுக்கொள்ளச் சக்கரைத் துண்டு. என் கடையில் நான் ஒரு நாளும் ஆளைக் கேட்காமல் சீனி போட்டதில்லை. நீங்கள் எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே!

அந்தக் கணக்கு உன்னிடமே இருக்கட்டும். எனக்குத் தேவையென்றால் கேட்பேன். எனக்குக் கேட்க வாய் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


மட்டக்களப்பு
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்து ஏற்றியதால் வந்த வாய்ப்புண் ஆறிவிட்டதா? கல்லுப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள். இங்கே சுகம்.

இவ்வளவு நாளும் எழுதப் பிந்திவிட்டது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்கிறேன். ரிப்போட் வந்த ஆட்களிடம் டொக்டர் வருவதற்கு முதல், "உங்களுக்கு என்னென்ன தெரியவேணும்? ஆர் சொல்லவேணும்?" என்று கேட்டு வைக்கிறேன். போன கிழமை ஒரு வயது போன ஐயா, "எல்லாத்தையும் சொல்லு பிள்ளை, என்ர வயல் வேலை கிடக்கு" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "எனக்கு ஒண்டும் வேண்டாம், என்ர தம்பிக்குச் சொல்லுங்கோ" என்றா. இரண்டும் அப்படியே நடந்தது. பெரிய நேர்ஸ் அம்மா, "இது என்ன புதுப் பழக்கம்?" என்று முகத்தைச் சுளித்தா. தேத்தண்ணிக் கடைப் பழக்கம் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை உங்களுக்கு ஸ்கான் மறுமொழி என்று தனஞ்சயன் சொன்னான்.

மார்கழி லீவில் பிள்ளைகளோடு வரத்தான் இருந்தேன் அக்கா. லீவை ஒக்டோபர் முதல் கிழமைக்கு மாற்றிவிட்டேன். வார்ட்டில் ஆட்கள் குறைவு, அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

அன்புடன்,
கௌசிகா


திருகோணமலை
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். வாய்ப்புண் ஆறிவிட்டது. தலைமயிர் பாதி போய்விட்டது. ரபீக்கா தன் முக்காட்டுத் துணியில் ஒன்றைத் தந்தாள். அதைக் கட்டிக்கொண்டு கடையில் நின்றால் சனம் எனக்கும் ஸலாம் சொல்கிறது. நானும் மறுமொழி சொல்கிறேன்.

வியாழக்கிழமை தனஞ்சயன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். டொக்டர் மாறிவிட்டார். இவர் தமிழர், வயது போனவர். தமிழ் டொக்டர் என்றால் மாறுமா? ஸ்கானைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தோளுக்கு மேலால் பார்த்தார். "அம்மா கொஞ்சம் வெளியில இருங்கோ. கூட வந்தது ஆர்?"

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் தனஞ்சயன் எழும்பினான். "நான்தான் டொக்டர் வந்தனான். நான் கூட வந்தனான் மட்டும்தான். வருத்தக்காரி அவ. அவவுக்குச் சொல்லுங்கோ. அவ கேட்டால் மட்டும் நான் இருக்கிறன்" என்றான். நான் அவனை இருக்கச் சொன்னேன். பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

டொக்டர் தொண்டையைச் செருமினார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மருந்து வேலை செய்யவில்லை. ஈரலில் கூடிவிட்டது. இனி ஏற்றினாலும் உடம்புக்குத் துன்பம்தான் கூடும். வலியில்லாமல் வைத்திருக்கலாம், வீட்டிலேயே இருக்கலாம்.

நல்ல செய்தி வரும் என்று எனக்கும் ஆசை இருந்தது கௌசி. இல்லை என்று சொல்லமாட்டேன். அழுகை வந்தது, அழுதேன். தனஞ்சயனும் அழுதான். இந்த முறை அவன் பைப்படிக்குப் போகவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்தே அழுதான். பிறகு நான் டொக்டரிடம், "மருந்தை நிப்பாட்டுங்கோ. வலிக்கு மட்டும் தாங்கோ" என்று சொன்னேன். காலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடையைப் பற்றியும் முடிவெடுத்துவிட்டேன். ஐப்பசியிலிருந்து ரபீக்காவும் லோஜினியும் சேர்ந்து நடத்துவார்கள். லோஜினி போடுகிற தேத்தண்ணி இன்னும் கழுநீர் மாதிரித்தான் இருக்கிறது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஏசிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தில் லீவை முன்னுக்கு எடுத்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வார்ட்டில் ஆட்கள் குறைவென்றால் உனக்கு லீவு தரமாட்டார்களே, விசரி! இருக்கிற லீவையும் மறித்துப்போடுவார்கள். உனக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொல்லாமல் இருக்கவும் தெரியாது. மார்கழியை ஒக்டோபர் ஆக்கி, எழுதாதே என்று நான் சொன்ன கணக்கை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாய்.

உன்னோடு கோபமில்லை. தங்கச்சி ஓடி வரவேண்டும் என்று நினைப்பதற்கு ஆர் குற்றம் சொல்வது? ஆனால் ஒக்டோபர் வரைக்கும் பார்த்துக்கொண்டிராதே, இந்தக் கிழமையே பஸ் ஏறு. வந்த பிறகு ஆரும் குசினிக்குள் நின்று குசுகுசுக்கக் கூடாது. கிணற்றடியில் போய் முகம் கழுவக் கூடாது. அழுகிறதென்றால் எனக்கு முன்னால் இருந்து அழு.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
பூரணி